ஊசித்துளைக்கு எத்தனை ஜெபம்?

இருட்டின பிறகு எங்கள் குளியலறையிலிருந்து ‘குளுக் குளுக்’ என்று சத்தம் வந்தால், யாரும் சாராயம் காய்ச்சவில்லை. நான் பிலிம் கழுவுகிறேன். லென்ஸைக் கழற்றிவிட்டு, தகரத்தில் ஊசியால் துளை போட்டு, அதைக் கேமராவின் வாயில் ஒட்டிப் படமெடுக்கும் பிழைப்பு இது. வெளிச்சம் போதுமா, கூடிப்போனதா என்பது கழுவின பிறகுதான் தெரியும். இதே நோக்காடு பிடித்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டாம். முட்டத்தில் ஒரு லாட்ஜ்காரர் சுவரில் மாட்டப் படம் கேட்டார். அது தேறாவிட்டால் கேமராவை விற்றுவிடுவதாகக் கத்தாரில் இருக்கும் என் வீட்டுக்காரரிடம் ஒப்புக்கொண்டிருந்தேன்.

பென்சன் பெட்டி

வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் காட்டுவது லென்ஸுக்கான கணக்கு. துளைக்கு அதைப்போலப் பல மடங்கு நேரம் வேண்டும். நேரம் நீண்டால் பிலிமும் சோம்பிப்போகும், அதற்கும் சேர்த்துக் கூட்ட வேண்டும் என்று லாட்ஜ்காரருக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

“எனக்க மொபைல்ல டக்குன்னு விழும் மக்களே. உனக்க பெட்டி பென்சன் ஆயிட்டா?”

மாமியார் மாயம்

வட்டக்கோட்டையில் ஒரு புதுத் தம்பதி. அந்தி வெளிச்சம், துளையை நெடுநேரம் திறந்து வைக்கும் எக்ஸ்போஷர். இருவரும் கல்லாக நின்றார்கள். மாமியார் மட்டும் மருமகளின் பூவைச் சரிசெய்ய, முந்தானையை இழுத்துவிட என்று அங்கும் இங்கும் நடந்துகொண்டே இருந்தார். அசைகிறவர்கள் படத்தில் விழ மாட்டார்கள். அவர் முழுசாகக் காணாமல் போயிருந்தார். திட்டு வாங்கத் தயாராகப் படத்தை நீட்டினேன். மணப்பெண் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

“அக்கா, இதுல ரெண்டு காப்பி தாங்க.”

ஜெபத்தின் வேகம்

கான்வென்ட் விடுதியில் முட்டை வேகவைக்கக்கூட ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லித்தான் நேரம் பார்ப்போம். எக்ஸ்போஷருக்கும் எனக்கு அதே கடிகாரம். மொபைலில் டைமர் இருக்கிறதே என்பீர்கள். மொபைலில் என் பிள்ளை கார்ட்டூன் பார்க்கும்.

வீட்டு முற்றத்தில் சரியாக வந்த கணக்கு, முட்டம் கடல் பாறையில் வரவில்லை. வெளிச்சம் போதாமல் நெகட்டிவ் வெறும் கண்ணாடி. மீட்டரை மாற்றினேன், துளையை மாற்றினேன். மறுபடியும் கண்ணாடி. பிள்ளையைப் பிடித்துக்கொள்ள வந்த ஜெசிந்தா, என்னோடு படித்தவள், அடுத்த தடவை பக்கத்திலேயே நின்று காது கொடுத்தாள்.

“ஏட்டி, அலை அடிச்சதும் நீ ஜெபிச்சியா, பஸ்ஸுக்கு ஓடுனியா?”

தாழ்ப்பாள்

கடைசி வாய்ப்பு: லாட்ஜ் அறை, ஜன்னலுக்கு வெளியே கடல். முழு ஜெபமாலை நேரம் ஆகும். லாட்ஜ் அறையில் தனியாக ஒருத்தி கதவடைத்தால் ஊர் என்ன சொல்லும்? ஒருக்களித்து வைத்தேன். துடைப்பத்தோடு ஒரு அக்காள் திறந்தாள். பதறித் துளையை மூடிவிட்டேன், ஒரு படம் போச்சு. “ஆச்சா?” என்று லாட்ஜ்காரர் திறந்தார், இன்னொன்று போச்சு. பிலிமில் ஒன்றே ஒன்று மிச்சம். ஜெசிந்தா பிள்ளையோடு வாசலில் உட்கார்ந்துகொண்டு, “ஊரு வந்தா நான் பாத்துக்கிடுதேன், நீ நிறுத்தி ஜெபி” என்றாள்.

அந்தப் படம்தான் இன்று லாட்ஜ் வரவேற்பறையில் தொங்குகிறது. லாட்ஜ்காரர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“கடலு பால் மாதிரி கெடக்கே மக்களே, என்ன செய்த?”

எந்த மீட்டரும் காட்டாத பயத்துக்கு ஈடுகட்ட, கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டேன், அவ்வளவுதான்.