பின்னால் வந்தால் காலை எடு

குரோம்பேட்டையில் நான் வேலை பார்த்த தகர மூடிப் பட்டறையில் ஃபோர்மேன் எங்கள் தலையில் குட்டுவான். எழுபதுகளின் தொடக்கம் அது. ஆறு பெண்கள், ஆறு பிரஸ் மெஷின். தகட்டை உள்ளே வைத்து, கையை எடுத்த பிறகு பெடலை மிதிக்க வேண்டும். மிதித்தால் அச்சு இறங்கும். அவன் சத்தமில்லாமல் பின்னால் வந்து, முஷ்டியை மடக்கி உச்சந்தலையில் ஒன்று வைப்பான். "இன்னாமே, தூங்கினுகீறியா?" அதைக் கண்டிப்பு என்று சொல்லிக்கொண்டான். அடிதான் அது. வேறு பெயர் வைக்க எனக்கு இஷ்டமில்லை.

ஒரு நாள் காலையில் என் பக்கத்து மெஷின்காரியைக் குட்டினான். மாடம்பாக்கத்திலிருந்து வருகிறவள், கைக்குழந்தைக்காரி. திடுக்கிட்டதில் அவள் கால் பெடலை அழுத்திவிட்டது. கையை இழுத்துக்கொண்டாள். நடுவிரல் நகம் மட்டும் போயிற்று. இன்னும் கொஞ்சம் உள்ளே இருந்திருந்தால் நாலு விரலும் மூடியோடு வந்திருக்கும்.

நான் ஸ்பேனரை எடுத்துவிட்டேன். அவன் மண்டையைப் பிளப்பது என்று எழுந்தும்விட்டேன். ரத்தம் வடிகிற கையாலேயே அவள் என்னைப் பிடித்தாள்.

"வோணாம்க்கா. நீ அடிச்சா போலீஸ் உன்னத்தான் இஸ்துகினு போவும். அவன் நாளைக்கும் வந்து குட்டுவான்."

உண்மைதான். ஸ்பேனரை வைத்தேன். கோபத்தை வைக்கவில்லை.

சாப்பாட்டு வேளையில் எல்லாரிடமும் சொன்னேன். "அவன் நம்ம பின்னால வந்தா பெடல்லேந்து கால எடு. ரெண்டு கையும் மடியில. அவன் நகர்ற வரைக்கும் மூடி கெடையாது."

"வேலைய வுட்டுத் தூக்கிட்டா?" என்றாள் ஒருத்தி.

"ஆறு பேரையும் தூக்கினா மூடி யாரு அடிப்பா? அவன் பொண்டாட்டியா?"

சோற்றை வாயில் வைத்துக்கொண்டே சிரித்தார்கள்.

மூன்று மூன்று பேராக எதிரெதிரே உட்காருவோம். அதனால் அவன் யார் பின்னால் வந்தாலும் எதிரே இருப்பவளுக்குத் தெரியும். அவள் முகவாயைத் தூக்கினால் போதும், இவள் காலை எடுத்துவிடுவாள். குட்ட வந்தவன் மடியில் கை வைத்து உட்கார்ந்திருப்பவளைப் பார்த்து விழிப்பான். அடுத்தவளிடம் போவான். அங்கேயும் மெஷின் நிற்கும். அவன் போன இடமெல்லாம் டக் டக் சத்தம் செத்தது.

மூன்றாம் நாள் மூடி ஏற்ற லாரி வந்து நின்றது. மூடி பாதிகூட இல்லை. முதலாளி அறையை விட்டு வெளியே வந்தார்.

"சார், வேணும்னே பண்றாளுங்க," என்றான் ஃபோர்மேன்.

"ஆமாம் சார், வேணும்னுதான்," என்றேன். பக்கத்துக்காரியின் கட்டுப் போட்ட விரலைத் தூக்கிக் காட்டினேன். "இவர் பின்னால வந்து குட்டினா கால் பதறுது. பதறுற கால் பெடல் மேல இருந்தா விரல் போயிடும். அதான் எடுத்துடறோம்."

முதலாளி ஒன்றும் தர்மவான் இல்லை. லாரியைப் பார்த்தார், விரலைப் பார்த்தார். பிறகு அவனிடம் சொன்னார்: "இனிமே யார் மேலயும் கை வைக்காதே. மெஷின் ஓடறப்ப பின்னால போகாதே. சொல்றதை முன்னால நின்னு சொல்லு. ஸ்டூலுக்குப் பின்னால கோடு போட்டுடு, அதைத் தாண்டாதே."

கோட்டை அவனேதான் போட்டான். வெள்ளை பெயிண்ட் டப்பாவும் பிரஷ்ஷுமாக எங்கள் பின்னால் முட்டி போட்டு நகர்ந்தான். குட்ட அவனுக்குக் கை காலியில்லை; ஆறு மெஷினும் நிற்காமல் ஓடின. பக்கத்துக்காரி திரும்பிப் பார்த்தாள். அத்தனை நாள் அவனுக்கு முன்னால் வாயைத் திறக்காதவள் உரக்கச் சொன்னாள்.

"அண்ணா, கோடு கோணலா கீது. அழிச்சுட்டு நேரா போடு."

அழித்துவிட்டுப் போட்டான்.