சின்னத்தம்பியின் பெண்சாதி

அம்சவேணி பிடிவாதக்காரி என்று பசுண்டாங் அரிசி மில்லில் எல்லோருக்கும் தெரியும். பிடிவாதம் இல்லாவிட்டால் 1924ஆம் வருஷத்து ரங்கூனில் ஒரு கூலிக்காரி வெள்ளைக்காரத் துரை மேல் வழக்குப் போடுவாளா?

அவள் கணவன் சின்னத்தம்பி அதே மில்லில் மூட்டை தூக்கினான். ஒரு மூட்டை சரிந்ததற்காக மேற்பார்வை துரை அவனை வயிற்றில் உதைத்தான். மறுநாள் ஆஸ்பத்திரியில் உயிர் போயிற்று. சமாதானம் பேச வந்தவர்களை அவள் வாசலோடு அனுப்பிவிட்டாள். "உதைச்சவன் உதைச்சேன்னு கோர்ட்டுல சொல்லணும். அது போதும் எனக்கு" என்றாள்.

கோர்ட்டில் வெள்ளையருக்கு இருந்த தனிச் சலுகைகளைக் குறைத்து முந்தின வருஷம்தான் புதுச் சட்டம் வந்திருந்தது. இனி எல்லோருக்கும் ஒரே தராசு என்று பேப்பர்காரர்கள் கொண்டாடினார்கள். துரைக்கு மட்டும் உட்கார நாற்காலி போட்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

துரைமார் வாயில் தமிழன் எல்லாம் ராமசாமி. மில்லிலும் ஆஸ்பத்திரியிலும் சின்னத்தம்பியை அப்படியே எழுதி வைத்துவிட்டார்கள். துரையின் வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டார். "செத்தது யாரோ ராமசாமி. இந்தப் பெண்ணுக்கு அவன் என்ன உறவு?" என்று கேட்டார்.

மாஜிஸ்திரேட் அவளிடம் புருஷன் பெயரைக் கேட்டார். கட்டினவன் பெயரை அவள் ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை. சந்தைக் கூட்டத்தில் அவனைத் தொலைத்தபோதும் "இந்தாங்க, இந்தாங்க" என்றுதான் கத்தினாள்.

"அண்ணனுக்கு அப்புறம் பொறந்தவன என்னன்னு கூப்புடுவோம்? அதுலயும் சின்னதுங்க" என்றாள்.

துபாஷி பீர் முகைதீனுக்கு அவள் சங்கடம் புரிந்தது. ஆனால் சொன்னதைச் சொன்னபடி இங்கிலீஷில் சொல்வதுதான் அவர் வேலை. சொன்னார்.

"அப்படியானால் இறந்தவன் இவளுடைய தம்பியா?" என்றார் மாஜிஸ்திரேட். வக்கீல் வாய்விட்டுச் சிரித்தார். துரையும் சிரித்தான்.

பீர் முகைதீன் குரலைத் தாழ்த்தி, "பேரைச் சொல்லிரு தங்கச்சி. இல்லாட்டி கேசு போயிரும்" என்றார்.

அவள் சிரித்துக்கொண்டிருந்த துரையைப் பார்த்தாள். "சின்னத்தம்பி!" என்று கத்தினாள். கோர்ட்டே திரும்பிப் பார்த்தது. "எம் புருஷன் பேரு சின்னத்தம்பி. ராமசாமி இல்ல. அந்தா உக்காந்திருக்கானே, அவன்தான் ஒதைச்சுக் கொன்னான்." சொல்லி முடித்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் துரை வாயைத் திறந்தான். உதைத்தது உண்மை, லேசாகத்தான் என்றான். தீர்ப்பும் வந்தது. சின்னத்தம்பிக்கு மண்ணீரல் முன்பே வீங்கியிருந்ததாம், செத்தது அதனால்தானாம். துரைக்கு வெறும் அபராதம். எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"சட்டம் அவ்வளவுதான் தங்கச்சி. உதைச்சேன்னு சொல்லிட்டான்ல. அது போதும்னியே" என்றார் பீர் முகைதீன்.

"அப்ப சொன்னேன் பாய். இப்ப அவுக பேரையே சொல்லியாச்சு. இனிமே எனக்கென்ன கூச்சம்? மேல்கோர்ட்டு எங்க இருக்கு?"

அடுத்த வாரம் ஐகோர்ட்டு குமாஸ்தாவின் மேஜைக்கு முன்னால் நின்றாள். "இறந்துபோனவர்..." என்று அவர் ஆரம்பித்தார்.

"சின்னத்தம்பி" என்றாள். "நல்லாக் கேட்டு எழுதிக்குங்க. சின்னத்தம்பி."