நின்ற இடத்திலேயே ஓடிய கார்

தெருவில் எல்லோரும் அவரைக் கண்ணாடிக்காரர் என்றுதான் சொல்வார்கள். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து, வட்டமாக வரும் லென்ஸை ஃபிரேமின் அளவுக்குத் தேய்த்துப் பொருத்துவது அவர் வேலை. தண்ணீர் சொட்டும் சக்கரத்தில் லென்ஸின் ஓரத்தை வைத்துத் திருப்பிக்கொண்டே இருப்பார். மயிரிழை அதிகமாகத் தேய்ந்தாலும் லென்ஸ் ஃபிரேமில் நிற்காது.

"ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டு விடுறீங்க. கண்ணு முன்னாடி இருக்கற வண்டிச் சாவி மட்டும் உங்களுக்குத் தெரியாது" என்று அவர் மனைவி கேலி செய்வாள்.

இப்போது சாவியைத் தேடித்தர வீட்டில் ஆள் இல்லை. மகளின் பிரசவத்துக்கு வேறு நகரத்துக்குப் போனவள், குழந்தை பிறந்து, தவழ்ந்து, சுவரைப் பிடித்து நிற்கத் தொடங்கிய பிறகும் திரும்பவில்லை. அழைத்துப்போகத் தன் காரில் ஓடோடி வந்த மருமகனுக்குத் திரும்பக் கொண்டுவந்து விடுவதில் அவ்வளவு அவசரம் இருக்குமா என்ன? மகளும் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். "அம்மா இல்லன்னா எனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாதுப்பா" என்று அவள் சொல்லும்போது இவர் "அதான, அதான" என்பார். வேறென்ன சொல்ல முடியும்?

மனைவிக்குப் பேருந்து ஆகாது. ஏறி உட்கார்ந்து நாலு தெரு தாண்டுவதற்குள் குடலே வெளியே வந்துவிடும். அந்த ஊருக்கு ரயிலும் கிடையாது. அவள் நிம்மதியாகப் பயணம் செய்வது ஒரே ஒரு இடத்தில்தான்: இவருடைய பழைய காரின் முன்சீட்டில், கண்ணாடியைப் பாதி இறக்கிவிட்டு. ஞாயிற்றுக்கிழமை தோறும் இவர் அதைத் துடைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து அவள் அந்தக் காருக்குச் சக்களத்தி என்று பேர் வைத்திருந்தாள். "சக்களத்தி குளிச்சு முடிச்சாளா? இனிமே எங்கள கொஞ்சம் கவனிக்கலாமா?"

ஆக, அவளை அழைத்துவர வேண்டுமானால் காரில்தான் போக வேண்டும். ஆனால் மகள் இருக்கும் நகரத்துக்குள் பழைய வண்டிகளைப் புகைச் சான்று இல்லாமல் விடமாட்டார்கள். எல்லையிலேயே மறித்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கண்ணாடிக்காரர் காரை டெஸ்ட் எடுக்கும் கொட்டகைக்குக் கொண்டுபோனார். அங்கிருந்தவர் புகைக்குழாய்க்குள் கம்பியைச் செருகி, கணினியைப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார்.

"ஃபெயிலு சார். இவ்வளவு புகை வரக்கூடாது. புகையைச் சுத்தம் பண்ற கன்வெர்ட்டர் போயிருக்கும், மாத்திடுங்க."

அதன் விலையைக் கேட்டதும் இவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அந்தக் கதைதான். காரை விற்றால்கூட அவ்வளவு தேறாது.

வண்டியை மெக்கானிக்கிடம் ஓட்டிப் போனார். மெக்கானிக் பழைய பழக்கம். கையைவிட வாய் வேகமாக ஓடும் ஆள்.

"வாங்கண்ணே! என்ன, முகம் லென்ஸ் உடைஞ்ச ஃபிரேம் மாதிரி இருக்கு?"

"டெஸ்ட்ல போயிடுச்சுப்பா. செலவு இல்லாம ஏதாவது வழி இருந்தா சொல்லு."

"செலவு இல்லாமன்னா சாமிகிட்டதான் கேக்கணும். கம்மியான செலவுன்னா என்கிட்ட கேளுங்க."

அவன் பானெட்டைத் திறந்து ஸ்பார்க் பிளக் ஒன்றைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தான். அடுப்புக்கரி மாதிரி இருந்தது.

"என்னண்ணே இது, கண்ணுக்கு மை இட்ட மாதிரி அப்பியிருக்கு? வண்டி ஓடவே இல்லையா?"

"டெய்லி ஸ்டார்ட் பண்றனே."

"ஸ்டார்ட் பண்ணி?"



என்னவென்று சொல்வது? குழந்தை தூங்கும் சாயங்கால வேளையில்தான் மனைவி போன் செய்வாள். வீட்டுக்குள் பேசினால் இவர் குரலே காலி அறைகளில் மோதித் திரும்பி வந்தது. ஒருநாள் கீழே போய்க் காருக்குள் உட்கார்ந்து பேசிப் பார்த்தார். பக்கத்து சீட்டில் அவள் சாய்ந்து சாய்ந்து பள்ளமான இடம் இருந்தது. அதற்குப் பக்கத்தில் இருந்து பேசுவது வேறு மாதிரி இருந்தது. ஃபேனுக்காக எஞ்சினைப் போட்டார். பேசி முடித்த பிறகும் அணைக்க மனம் வராமல் உட்கார்ந்திருந்தார். அது அப்படியே வழக்கமாகிவிட்டது. கீழ்வீட்டுப் பெண்மணி ஒருநாள் கேட்டே விட்டாள்: "ஏன் மாமா, உங்க வண்டி நின்ன இடத்துலயே ஊருக்குப் போய்ட்டு வருதா? என் துணியெல்லாம் பெட்ரோல் நாத்தம்!"

இதை மெக்கானிக்கிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னார், பாதியை முழுங்கி. "போன் பேசும்போது... சும்மா ஆன்ல வச்சிருப்பேன்."

கிண்டல் செய்யப் போகிறான் என்று நினைத்தார். அவன் பிளக்கைப் பழைய துணியால் துடைத்துக்கொண்டே, "அதான் விஷயம். நின்ன எடத்துல எஞ்சின் சூடே ஆகாது. பெட்ரோல் பாதி எரிஞ்சு பாதி கரியாப் படிஞ்சிடும். கன்வெர்ட்டருக்கு ஒண்ணும் ஆகியிருக்காது, மூச்சு முட்டுது, அவ்வளவுதான்" என்றான். பிறகு தலையை உயர்த்தாமலே, "அண்ணி எப்ப வர்றாங்க?" என்று கேட்டான்.

"வண்டி சரியானா."

பிளக்குகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தான். தூசி அடைத்துப் போயிருந்த ஏர் ஃபில்டரைத் தூக்கி எறிந்து புதிதாகப் போட்டான். ஆயில் மாற்றினான். செலவு கைக்கு அடங்கியது. "இனிமே உங்க வேலை. பெரிய ரோட்டுல ஏத்தி நல்லா விரட்டுங்க. கியர் மாத்த அவசரப்படாதீங்க, எஞ்சின் கொஞ்சம் கத்தட்டும். அப்படியே சுடச்சுட டெஸ்ட்டுக்கு விடுங்க. நடுவுல டீ குடிக்க நிறுத்தினீங்க, எல்லாம் ஆறிப்போயிடும்."

கடைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டுக் கண்ணாடிக்காரர் கிளம்பினார்.

அவள் போன பிறகு அந்தப் பெரிய சாலைக்கு அவர் வந்ததே இல்லை. போவதற்கு இடம் ஏது? எஞ்சின் கத்தியது. பின்னால் பார்க்கும் கண்ணாடியில் கரும்புகை ஒரு நீண்ட துணிபோல விரிந்தது. பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரனாலேயே திட்டினார். பக்கத்து சீட்டின் பெல்ட் கொக்கி காற்றில் ஆடி டக்டக்கென்று கதவில் இடித்தது. அவள் இருந்தால், "யாரு துரத்துறாங்க இப்படிப் பறக்கறீங்க?" என்பாள். அப்படிச் சொல்ல ஆள் இல்லாததால் வேகம் வேகமாகவே தெரியவில்லை. ஒரு பாலத்தில் ஏறி இறங்கியபோது கண்ணாடியைப் பார்த்தார். புகை வெளுத்திருந்தது. அடுத்த வளைவில் அதையும் காணோம். அங்கிருந்து வண்டியைத் திருப்பி, நேராகக் கொட்டகைக்கு விட்டார்.

கம்பியைச் செருகியவர் கணினியைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். "கன்வெர்ட்டர் மாத்திட்டீங்களா?"

"இல்ல. கொஞ்சம் வெளிய கூட்டிட்டுப் போனேன்."

சான்றிதழ் கைக்கு வந்ததும் சாலையோரம் நிறுத்தி, எஞ்சினை அணைக்கக்கூட மறந்து, அவரே போன் செய்தார். அவள் எடுத்ததும் எஞ்சின் சத்தத்தைத்தான் கேட்டாள்.

"இன்னிக்குப் பகல்லயே ரவுண்டு கிளம்பிட்டீங்களா?"

இத்தனை நாளும் அந்தச் சத்தத்துக்கு அவர் சொல்லி வந்த பொய் அது. சும்மா ஒரு ரவுண்டு வந்தேன், கடற்கரைப் பக்கம் வந்தேன், சிநேகிதர் வீட்டுக்கு வந்தேன் என்று நாளுக்கு ஒன்று. தனியாகத் தவிக்கிறேன் என்று தெரிந்தால் அங்கே அவளுக்கு இருப்புக்கொள்ளாதே என்று ஆரம்பித்தது.

"இதுவரைக்கும் நான் ஒரு ரவுண்டும் போகல" என்றார். "எல்லாம் நம்ம வாசல்லதான். வண்டிய ஆன் பண்ணிட்டு உள்ள உக்காந்திருப்பேன்."

"எதுக்கு?"

"உன் சீட்டு இருக்குல்ல."

  

"பைத்தியமா உங்களுக்கு?" என்றாள் அவள். "வர்றேன்னு சொல்ல எத்தன தடவ வாய் வரைக்கும் வந்துச்சு தெரியுமா? மனுஷன் ஜாலியா ஊர் சுத்திட்டு இருக்காரு, நம்மள யாரு தேடுறான்னு முழுங்கிட்டேன்."

"நான் வரவா?"

"வாங்க. பொண்ணுகிட்ட நான் பேசிக்கறேன். பக்கத்துலயே குழந்தைகளப் பாத்துக்கற இடம் ஒண்ணு இருக்கு. நான்தான் வேணாம் வேணாம்னு தள்ளிப் போட்டேன்."

எல்லையில் மறித்தவர்கள் சான்றிதழைப் பார்த்துவிட்டுக் கையசைத்து உள்ளே விட்டார்கள். மகள் கோபமாக இருப்பாள் என்று பயந்துகொண்டே போனார். அவளோ அம்மாவின் பையைத் தானே தூக்கிவந்து வண்டியில் வைத்தாள். "சொல்லியிருக்கலாம்லப்பா" என்று மட்டும் சொன்னாள்.

மனைவி முன்சீட்டில் ஏறி, தன் பள்ளத்தில் சாய்ந்து, கண்ணாடியைப் பாதி இறக்கினாள். இத்தனை மாதம் அவர் ஏங்கிய காட்சி அதுதான். ஆனால் வாசலில் மகளின் இடுப்பில் இருந்த குழந்தை, பாட்டி விளையாட்டுக்குத்தான் வண்டியில் ஏறியிருக்கிறாள் என்று நினைத்து, தன்னையும் தூக்கிக்கொள்ளச் சொல்லி இரண்டு கையையும் நீட்டியது.

கார் நகர்ந்தது. அவள் கண்ணாடியை முழுதும் இறக்கி, தலையை வெளியே நீட்டித் திரும்பிப் பார்த்தபடியே வந்தாள். கையை ஆட்டவில்லை. நீட்டிய கைகள் இறங்கி, குழந்தையின் உதடு பிதுங்குவது பக்கக் கண்ணாடியில் இவருக்கும் தெரிந்தது.

"மெதுவாப் போங்க" என்றாள்.

தெருமுனை வரைக்கும் அவர் முதல் கியரிலேயே போனார்.