அம்மாவுக்குக் கலர் போட்ட வருஷம்

கறுப்பு வெள்ளைப் படம் என்றால் இப்போது எல்லோருக்கும் ஒரு மயக்கம். நல்ல கலரில் எடுத்த கல்யாணப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றி வைத்துக்கொண்டு உருகுகிறார்கள். என் மருமகள்கூடப் போன மாதம் அப்படி ஒன்றைக் கொண்டுவந்து காட்டினாள். நன்றாகத்தான் இருந்தது. கலரிலிருந்து கறுப்பு வெள்ளைக்குப் போகிறவர்கள் நினைத்தால் திரும்பி வந்துவிடலாம். எங்கள் வீட்டில் எதிர்த்திசையில் போனோம். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

என் அம்மா என்று எனக்கு இருந்தது ஒரே ஒரு படம். நான் நடக்கத் தொடங்கும் முன்பே அவள் ஜுரத்தில் போய்விட்டாள். குரல் தெரியாது, நடை தெரியாது, எனக்குச் சோறு ஊட்டினாளா என்பதுகூடத் தெரியாது. வளைகாப்பன்று ஸ்ரீரங்கத்தில், அவள் பிறந்த வீட்டுக்கு நாலு வீடு தள்ளியிருந்த ஸ்டூடியோவில் எடுத்த படம் அது. அந்த நாளில் பின்னலில் பூ தைத்துக்கொண்ட பெண்ணை ஆளுயரக் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்துவார்கள். முகம் நேராகவும், பூச்சடை கண்ணாடியிலும் விழ வேண்டும். காலையிலிருந்து உட்கார்ந்து தைத்தவர்கள் பின்னே சும்மா விடுவார்களா?

வயிற்றுக்குள் நான் இருந்தேன். 'நானும் அந்தப் படத்துல இருக்கேன்' என்று ஸ்கூலில் பெருமையடித்துக்கொள்வேன். யாரும் நம்பாவிட்டால் சண்டைக்கும் போவேன்.

ஸ்டூடியோப் படத்தில் அப்போது யாரும் சிரிக்க மாட்டார்கள். போலீஸ் ஸ்டேஷனில் பெயர் கொடுக்க வந்தவர்கள் மாதிரி நிற்பார்கள். அம்மா மட்டும் சிரித்துவிட்டாள். வாய் பாதி திறந்து, ஒரு தெத்துப்பல் எட்டிப்பார்க்கும். காரணம் அப்பாதான். படம் எடுப்பவர் "அசையாம இருங்கம்மா, சிரிக்காதீங்க" என்று கறுப்புத் துணிக்குள் தலையை விட்டதும், ஓரமாக நின்ற அப்பா மெதுவாக, "பாத்து நில்லு, கண்ணாடி உடைஞ்சிடப் போவுது" என்றாராம். அப்பா இதைச் சொல்லும்போதெல்லாம் அவருக்கே சிரிப்பு வந்துவிடும். உற்றுப் பார்த்தால் கண்ணாடியின் மூலையில் ஒரு வெள்ளைச் சட்டைக் கை தெரியும். அது அப்பாவின் கை. ஆக, அந்த அட்டையில் எங்கள் குடும்பம் மொத்தமும் இருந்தது.

நாங்கள் திருச்சி தென்னூரில் இருந்தோம். அப்பா, நான், என்னை வளர்த்த அத்தை. அத்தை அப்பாவுக்கு அக்கா. வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம். படம் அலமாரியின் மேல்தட்டில் இருக்கும். நான் அதை இறக்கி வைத்துக்கொண்டு, அம்மாவின் புடவை என்ன கலர் என்று தினமும் ஒரு முடிவுக்கு வருவேன். பொங்கலுக்கு மஞ்சள். ஸ்கூலில் அடி வாங்கிய அன்று சிவப்பு. எதிர்வீட்டு அம்மா புதிதாக ஊதா கட்டிக்கொண்டு வந்தால் அன்றைக்கு என் அம்மாவுக்கும் ஊதா. படம் எதற்கும் மறுப்புச் சொல்லாது. கறுப்பு வெள்ளையின் அருமை என்று பெரிய பெரிய பேச்செல்லாம் பேசுகிறார்கள். எனக்குத் தெரிந்த அருமை இதுதான். அதில் எனக்கும் கொஞ்சம் இடம் இருந்தது.

ஆனாலும் கேட்காமல் இருக்க முடியுமா? "நெஜமா என்ன கலருப்பா?" என்று அரித்துக்கொண்டே இருப்பேன்.

"கிளிப்பச்சை. ஜரிகை போட்டது."

"கத்திரிப்பூக் கலருடா. கொசுவம் வச்சுவிட்டது நான்" என்பாள் அத்தை சமையலறையிலிருந்து.

"வாங்கினது நானுக்கா."

"வாங்கினவனுக்கு விலைதான் ஞாபகம் இருக்கும். போவியா!"

இந்த வழக்கு வருஷக்கணக்கில் நடந்தது. இருவரில் ஒருவரும் இறங்கிவரவில்லை. ஜெயிப்பது யார் என்று தெரியாதவரை எனக்கும் சுகமாகத்தான் இருந்தது.

நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய வருஷம், திருச்சியில் படங்களுக்குக் கலர் போடும் மோகம் தலைக்கேறியிருந்தது. எங்கள் தெருவிலேயே இறந்துபோன பெரியவர்கள் ஒவ்வொருவராக ரோஸ் கன்னத்தோடு சுவரில் ஏறிக்கொண்டிருந்தார்கள். பெரிய கடை வீதிப் பக்கம் ஒரு ஓவியர் இருந்தார். கடைப் பலகை எழுதுவார், படத்துக்கும் வர்ணம் தீட்டுவார். அப்பா எங்கள் யாரிடமும் சொல்லாமல் அம்மாவின் படத்தை அவரிடம் கொண்டுபோனார். தேறிய மகளுக்குப் பரிசு. பத்து வருஷமாக அவள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட ஆசை.

வழக்கமாக அந்தப் படத்தைப் பார்த்து வேறு ஒரு பெரிய படம் எடுத்து, அதன் மேல்தான் வர்ணம் போடுவார்கள். ஓவியரும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். அப்பாதான் கேட்கவில்லை. "காப்பி எடுத்தா மொகம் மாறிடுங்க. எனக்கு அவ மொகம் மாறக் கூடாது. இதுலேயே போட்டுடுங்க" என்றாராம். இதை அவரே பின்னால் எங்களிடம் சாமர்த்தியமாக நடந்துகொண்டவர் போலச் சொன்னார். இப்போது எழுதும்போதும் கை நிற்கிறது. முகம் மாறக் கூடாது என்பதற்காகவே அந்த முகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

ஒரு சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி, செய்தித்தாள் சுற்றிய பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். எங்களை உட்காரச் சொல்லிவிட்டுப் பிரித்தார்.

கிளிப்பச்சைப் புடவை. தங்கக் கரை. பூச்சடையில் கனகாம்பரம். மாநிறமாக இருந்தவள் சந்தனச் சிவப்பாகியிருந்தாள். கண்ணாடி மூலையில் தெரிந்த சட்டைக் கையை அழுக்கு என்று ஓவியர் நினைத்துவிட்டார் போலிருக்கிறது, அங்கே ஒரு சிவப்புத் திரை தொங்கியது. உதடுகள் இரண்டும் சேர்ந்து, அடக்கமாக, செக்கச்செவேலென்று மூடியிருந்தன. நல்ல வேலைதான், குறை சொல்ல முடியாது. யாரோ ஒரு லட்சணமான பெண் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாதிச்சுட்டியே, கிளிப்பச்சைன்னு" என்றாள் அத்தை. எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

நான் அழுதேன். "பாத்தியா, எப்படி இருக்கா!" என்றார் அப்பா. என் அழுகையை அவர் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டார். அவர் முகம் அன்று இருந்த இருப்பில் யாராலும் உண்மையைச் சொல்லியிருக்க முடியாது. "நல்லா இருக்குப்பா" என்றேன். அவரே ஆணி அடித்து மாட்டினார். மாலை போட்டார். சுரண்டினால் அடியில் அம்மா இருப்பாளோ என்று ஒரு நாள் நகத்தால் ஓரத்தை லேசாகக் கீறிப் பார்த்தேன். பச்சையோடு அடியிலிருந்த படமும் சேர்ந்து உரிந்து வந்தது. பயந்து விட்டுவிட்டேன்.

காலேஜில் சேர்ந்த பிறகு தனியாகப் பஸ் ஏறும் தைரியம் வந்தது. ஒரு சனிக்கிழமை ஸ்ரீரங்கம் போனேன். அம்மாவின் பிறந்த வீட்டார் எப்போதோ ஊரைவிட்டுப் போயிருந்தார்கள். ஸ்டூடியோ மட்டும் இருந்தது. படம் எடுத்தவர் இல்லை, அவர் மகன் இருந்தார். பழைய படங்களின் நெகட்டிவ் கண்ணாடித் தகட்டில் இருக்குமாமே, அது கிடைத்தால் வேறு படம் போட்டுக்கொள்ளலாமே என்று கேட்டேன்.

"ஏம்மா, அதெல்லாம் எத்தனை வருஷத்துக்கு வச்சிருக்க முடியும்? யுத்த காலத்துல கண்ணாடிக்கு ஏகத் தட்டுப்பாடு. அப்பா எல்லாத்தையும் வெந்நீர்ல கழுவி, சாமி படத்துக்கு பிரேம் போட்டுக் குடுத்துட்டாரு" என்றார். தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. கோயிலுக்குள்ளும் போகாமல் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். காவிரிப் பாலத்தில் வரும்போது அப்பாமேல் வந்த கோபம் இருக்கிறதே, அவ்வளவு கோபம் அவர்மேல் எனக்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. வீட்டுக்குப் போனபோது எனக்காகச் சாப்பிடாமல் காத்திருந்தார். கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டேன்.

ஒரே ஒரு ஆறுதலை வைத்துக்கொண்டிருந்தேன். எனக்குத்தான் படம் போயிற்று. அப்பாவுக்குப் படம் எதற்கு? அவர் அவளோடு குடித்தனம் நடத்தியவர். அந்தச் சிரிப்பை நேரில் பார்த்தவர். அவருக்குள் அம்மா அப்படியே இருப்பாள். அவர் இருக்கிறவரை அம்மாவுக்கு ஒன்றும் ஆகிவிடாது. இப்படி நினைத்துத்தான் அந்தப் பச்சைப் புடவைக்காரிக்கு வெள்ளிக்கிழமைதோறும் பூ வைத்தேன்.

முசிறியில் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். தலைப்பிரசவத்துக்குத் தென்னூர் வந்திருந்தேன். அத்தை அதற்கு முந்தின வருஷமே போய்விட்டாள். வீட்டில் நானும் அப்பாவும், சமைக்க வந்துபோகும் ஒரு அம்மாளும்தான். ஒரு காலை நான் மாலையை மாற்றிக்கொண்டிருந்தேன். அப்பா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்கப்பா."

"அன்னிக்கு நான் கண்ணாடி உடைஞ்சிடும்னு சொன்னேன்ல? சொன்னது நல்லா ஞாபகம் இருக்கு." கொஞ்சம் தயங்கினார். "அதுக்கு அவ சிரிச்சாளா?"

நான் திரும்பிப் பார்த்தேன். விளையாட்டில்லை.

"என்னப்பா இப்படிக் கேக்கறீங்க?"

"கண்ண மூடினா இந்த மொகந்தாம்மா வருது. வாய மூடிக்கிட்டு நிக்கறா. எப்படிப் பாத்தாலும் இதான் வருது. பழைய படத்த நீ எப்பவும் கையில வச்சிருப்பியே, அதான் கேட்டேன்."

அவரிடம் இருக்கிறாள் என்று நான் இத்தனை வருஷம் நம்பியிருந்தேன். அவர் என்னிடம் கேட்கிறார்.

"சிரிச்சாங்கப்பா. நல்லாவே சிரிச்சிருந்தாங்க. தெத்துப்பல்லு தெரிஞ்சுது."

"ஆமா ஆமா, தெத்துப்பல்லு." அவர் முகம் ஒரு கணம் தெளிந்தது. பிறகு தன் வாயோரத்தை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "எந்தப் பக்கம்மா?"

ஆயிரம் தடவை பார்த்த படம். மூச்சுவிடாமல் யோசித்தேன். பச்சைப் புடவையும் மூடிய உதடும்தான் வந்தன.

"இடது பக்கம்ப்பா" என்றேன்.

அவர் அதை நம்பி, விரலை இடது பக்கத்திலேயே வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.