ஒரு பக்கத்துப் பால்

வளையல் தட்டு மூன்றாவது ஆளிடம் போனபோதுதான் கவனித்தேன். தம்பி மனைவி வலது கையை மட்டுமே நீட்டிக்கொண்டிருந்தாள். இடது கை சேலைத் தலைப்புக்குள் இருந்தது. ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் அவளுக்கு ஏழாம் மாத வளைகாப்பு. சித்தி விடவில்லை. "ஏட்டி, இன்னொரு கைய யாருட்டக் குடுத்துட்டு வந்த?" என்றாள். கூடியிருந்த பெண்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். "இதுலயே போடுங்க அத்தை, எம்புட்டு எடம் கெடக்கு" என்றாளே தவிர, கையை வெளியே எடுக்கவில்லை.

நான் சிரிக்கவில்லை. அந்தக் கையின் கதை எனக்குத் தெரியும். மூன்றரை வருடத்துக்கு முன் மதுரையில் புற்றுநோய்க்காக அவளுக்கு இடது மார்பை எடுத்திருந்தார்கள். அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் சேர்த்து எடுத்ததால் அந்தக் கை லேசாக வீங்கும். இறுக்கமாக எதுவும் போடக் கூடாது, ஊசி குத்தக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். உறவுக்காரர்களிடம் வெறும் கட்டி என்று சொல்லி முடித்துவிட்டோம். ஆகவே அவள் கையை மறைத்ததில் எனக்குப் புதிது ஒன்றுமில்லை. இத்தனை பேர் நடுவில் இவ்வளவு இயல்பாக மறைக்கத் தெரிந்தவள் எங்களிடம் வேறு எதை மறைக்கிறாள் என்பதுதான் என் யோசனை.

சந்தேகத்துக்குக் காரணம் ஒரு மாத்திரை அட்டை. கீமோ முடிந்த பிறகு தினமும் ஒரு மாத்திரை, ஐந்து வருடம் சாப்பிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அட்டை எப்போதும் ஃப்ரிட்ஜ் மேல் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பி வீட்டுக்குப் போகும்போதெல்லாம் என் கண் அங்கே போகும். ஆபரேஷன் ஆன மூன்றாம் வருடம் பாதியில் அதைக் காணவில்லை. சில மாதம் கழித்து அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று தம்பி சொன்னான். இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன். பிள்ளை ஆசையில் யாரிடமும் கேட்காமல் மாத்திரையை நிறுத்திவிட்டாள் என்று முடிவு கட்டினேன்.

இருபது வருடத்துக்கு மேலாகப் பத்திரிகை நிருபர் வேலை. சந்தேகம் வந்தால் போய் விசாரிப்பேன். அவளுக்கு வைத்தியம் பார்த்த மதுரை டாக்டரம்மாவையும் போய்ப் பார்த்தேன். தம்பியிடம்கூடச் சொல்லவில்லை. டாக்டரம்மா உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். பிறகு, "அவங்க சம்மதம் இல்லாம நான் எதுவும் சொல்லக் கூடாதும்மா. உங்க வீட்டுப் பொண்ணுதானே, அவங்களையே கேளுங்க" என்றார். முறையான பதில். ஆனால் என் தொழிலில், "என்னால் எதுவும் சொல்ல முடியாது" என்கிற அதிகாரி பெரும்பாலும் எதையோ மூடி வைத்திருப்பார். அந்தக் கணக்கையே இங்கும் போட்டேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "என்னமோ மறைக்காங்க" என்று மட்டும் சொன்னேன். இரண்டே சொல். நான் எழுதும் செய்தியில் என்றால் ஆதாரமில்லை என்று நானே அடித்திருப்பேன்.

குழந்தை ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்தது. அவளுடைய தாய்வீடு அங்கேதான். மூன்று வாரம் முந்திப் பிறந்ததால் எடை கொஞ்சம் குறைவு. வேறு குறை எதுவும் இல்லை என்றார்கள். நானும் அம்மாவும் பஸ்ஸில் போய் இறங்கினோம். அம்மாவின் ஒயர் கூடையில் பால்பவுடர் டப்பா, புட்டி, வெந்நீர் ஃபிளாஸ்க். நர்ஸ் குழந்தையைத் தாயிடம் கொண்டுபோனபோது அம்மா கட்டிலை மறித்து நின்றாள்.

"அந்தப் பால் வேண்டாம்மா. மருந்து ஊறுன ஒடம்பு."

நர்ஸ் கூடையைப் பார்த்தாள். "பால்கோவா ஊர்ல பெறந்துட்டு டப்பாப் பாலா? தள்ளுங்க பாட்டி, பிள்ள பசில கெடக்கு."

"ஒனக்குத் தெரியாது தாயி. எம்மக விசாரிச்சுட்டு வந்திருக்கா."

தம்பி மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். எங்கே, யாரிடம் என்று கேட்கவில்லை. "மதினி, அந்தப் பைக்குள்ள மஞ்சக் கலர் ஃபைல் இருக்கு. எடுத்துப் படிங்க. சத்தமாப் படிங்க" என்றாள்.

டாக்டரம்மாவின் கையெழுத்தில் எல்லாம் இருந்தது. பரிசோதனை செய்த பிறகு அவரே மாத்திரையை நிறுத்தச் சொல்லியிருக்கிறார். மருந்து உடம்பை விட்டுப் போக மூன்று மாதம் காத்திருக்கச் சொல்லியிருக்கிறார். வலது பக்கம் தாராளமாகப் பால் கொடுக்கலாம், பால் கொடுக்கும் நாளில் மாத்திரை கூடாது, எப்போது மறுபடி தொடங்குவது என்று வந்து பேச வேண்டும் என்றும் எழுதியிருந்தார். சத்தமாகப் படிப்பதற்கு முன்னால் நான் தேதியைச் சரிபார்த்தேன். முத்திரையைப் பார்த்தேன். ஒரு தாளை வெளிச்சத்தில் பிடித்துக்கூடப் பார்த்தேன். குழந்தை அழுதுகொண்டிருந்தது. நான் தாளைப் பிடித்திருந்ததை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகுதான் சத்தமாகப் படித்தேன்.

"இத முன்னாடியே சொல்லியிருக்கலாம்லட்டி" என்றேன்.

"சொன்னா என்ன செஞ்சிருப்பீக? கூடிப் பேசி வேண்டாம்னு முடிவு சொல்லிருப்பீக."

அம்மா அசையவில்லை. "எழுத்துல என்னத்த வேணாலும் எழுதலாம். நீதானட்டி மறைக்காங்கன்ன?"

குழந்தையின் அழுகை அதற்குள் கம்மிப்போயிருந்தது. "நான் சொன்னது தப்பும்மா. அந்த டாக்டரம்மா எங்கிட்ட ஒண்ணுமே சொல்லல. நானா நெனச்சுக்கிட்டது" என்றேன். அம்மா கூடையை எடுத்துக்கொண்டு வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்தாள். நர்ஸ் குழந்தையை வலது பக்கம் போட்டுப் பிடித்துக் கொடுத்தாள். நாலைந்து தடவை நழுவி, பிறகு பிடித்துக்கொண்டது.

ஒரு பக்கத்துப் பால் போதுமா என்று அம்மா ஒவ்வொரு வாரமும் எடை கேட்டாள். போதுமாகத்தான் இருந்தது. பெண்ணுக்கு இப்போது நான்கு வயது. கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வேனில் போகிறாள். பால் நிறுத்தியதும் தம்பி மனைவி மாத்திரையைத் தொடர்ந்தாள், வருடம் தவறாமல் மதுரைக்குப் போய் வருகிறாள். போன வருடமும் ஒன்றுமில்லை என்றார்களாம். அதைத் தம்பி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

போன மாதம் குழந்தைக்கு மூன்று நாள் காய்ச்சல். எனக்கு நாலாம் நாள்தான் தெரியும், அதுவும் அம்மா வாய்தவறிச் சொன்னதால். தம்பி மனைவிக்குப் போன் செய்தேன். காய்ச்சல் எத்தனை இருந்தது, யாரிடம் காட்டினாய் என்று வரிசையாகக் கேட்டேன்.

ஏழெட்டு வருடத்துக்கு முன் மார்பில் கட்டி தட்டுப்பட்ட அன்று, தம்பியிடம் சொல்வதற்கு முன்னால், அவள் தான் டீச்சராக இருந்த பள்ளிக்கூடத்திலிருந்து நேராக என் ஆபீஸுக்குத்தான் வந்தாள். மாடிப்படியில் நின்று என் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தாள். நான்தான் அவளை டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

"இப்பம் நல்லாயிட்டா மதினி" என்றாள் போனில். குரலில் கோபம் இல்லை. "ஏன் கேக்கீக?"