காலாவதியான குரல்

என் மனைவிக்குப் பார்வை போய்க்கொண்டிருந்த ஆண்டுகளில்தான் எனக்குக் கணினிப் பைத்தியம் முற்றியிருந்தது. தலைநகரில், சரோஜினி நகரில் முதல் மாடியில் எங்கள் அரசுக் குடியிருப்பு. நான் ஓர் அமைச்சகத்தில் உதவியாளர், அவள் அரசு மருத்துவமனை ஒன்றில் நர்ஸ். இருவருக்கும் ஊர் பாளையங்கோட்டைப் பக்கம். பிள்ளைகள் இல்லை.

சிரிஞ்சில் இருக்கும் கோடுகள் சரியாகத் தெரியவில்லை என்று அவளே மேட்ரனிடம் போய்ச் சொன்னாள். எந்த நோயாளிக்கும் எதுவும் ஆவதற்கு முன் சொல்லிவிட வேண்டும் என்பது அவள் எண்ணம். கண் மருத்துவர் விழித்திரையின் படத்தை வைத்து நெடுநேரம் விளக்கினார். பார்வை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து ஒருநாள் முடிந்துவிடும், இதற்கு மருந்து கிடையாது. வெளியே வந்ததும் அவள் கேட்டது, "ஏங்க, பஸ்ல போவமா, ஆட்டோ பிடிப்பமா?" என்பதுதான்.

பஸ்ஸில் அவளுக்கு இடம் கிடைத்தது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே, கணினி இப்போது பேசுகிறது, திரையில் இருப்பதை வாசித்துக் காட்டுகிறது, அதற்கெல்லாம் மென்பொருள் வந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு வந்தேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்க முடிகிறபோதே பார்த்துக்கொள்கிறாள் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அந்தக் காலத்தில் எந்த மென்பொருளும் முழுதாகத் தயாராகிக் கடைக்கு வரும்வரை என்னால் பொறுக்க முடியாது. 'பீட்டா' என்கிற சோதனைப் பதிப்பாக இருக்கும்போதே நிறுவிப் பார்த்து, குறைகளை எழுதி அனுப்புவேன். அலுவலகத்தில் 'பீட்டா பாபு' என்று கூப்பிடுவார்கள். கணினி இதழ்களோடு வரும் குறுந்தகடுகள் அலமாரியில் அவளுடைய புடவைகள் இருந்த தட்டு வரைக்கும் ஏறியிருந்தன. டெலிபோன் வழியாக இணையத்தில் நுழைந்து ஒரு கோப்பை இறக்க மணிக்கணக்கில் ஆகும். அந்த நேரமெல்லாம் எங்கள் வீட்டுக்கு யாரும் போன் செய்ய முடியாது. அவளுடைய தங்கை பாளையங்கோட்டையிலிருந்து பலமுறை முயன்று அலுத்திருக்கிறாள்.

அக்காவும் தங்கையும் கடிதம் எழுதிக்கொள்கிறவர்கள். மாதத்துக்கு இரண்டு கடிதமாவது வந்துவிடும். நுணுக்கி நுணுக்கி, ஓரத்தில்கூட இடம் விடாமல் எழுதியிருப்பாள் தங்கை. மனைவி அதைச் சமையலறையில் நின்றுகொண்டு இரண்டு முறை வாசித்துவிட்டுத்தான் வெளியே வருவாள். எழுத்து தெரியாமல் போன பிறகு ஒரு கடிதத்தை என்னிடம் நீட்டினாள். நான் வாசித்தேன். பாதியில், வீட்டுக்காரரோடு ஏதோ மனத்தாங்கல் என்று ஒரு வரி வந்தது.

"போதும், வச்சிருங்க" என்றாள்.

"இன்னும் ரெண்டு பக்கம் இருக்கே."

"அவ எனக்கு எழுதுனது. உங்களுக்கு எழுதல."

அதற்குப் பிறகுதான் தமிழை வாசிக்கும் மென்பொருளைத் தேடத் தொடங்கினேன். ஆங்கிலம் வாசிக்கும் குரல்கள் கிடைத்தன. தமிழ்ப் பக்கத்தைக் காட்டினால் அவை எழுத்துருவுக்கு அடியில் கிடந்த ரோமன் எழுத்துகளைக் கடகடவென்று உளறின. அப்போது ஒவ்வொரு தமிழ்ப் பத்திரிகைக்கும் தனித்தனி எழுத்துரு. ஒன்றில் அடித்தது மற்றதில் திறக்காது. எல்லாவற்றுக்கும் பொதுவாக யூனிகோடு என்ற குறியீடு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவளிடம் சொன்னேன். அடுத்த பதிப்பில் வரும் என்றேன். வந்தபோது கொம்பும் காலும் இடம் மாறிக் கிடந்தன. அதற்கடுத்த பதிப்பு என்றேன். இப்படி மூன்று வருஷம் போயிற்று. அதற்குள் அவளுக்குச் சுவரும் கதவும் ஒன்றாகிவிட்டன.

கடைசியில், மின்னஞ்சலில் பேசிக்கொள்ளும் ஒரு மடலாடற் குழுவில் அறிவிப்பு வந்தது. தமிழை உரக்க வாசிக்கும் மென்பொருள் ஒன்றைச் சிலர் சேர்ந்து செய்கிறார்கள், சோதிக்க ஆள் வேண்டும். அன்றே எழுதினேன். தபாலில் குறுந்தகடு வந்தது. மூன்று மாதங்களுக்கு மட்டும் இயங்கும் பதிப்பு.

அந்தக் குரலைக் கேட்க நன்றாக இருந்தது என்று சொல்ல முடியாது. தகர டப்பாவுக்குள்ளிருந்து ஓர் ஆள் பேசுவது போலிருக்கும். 'ழ'வும் 'ள'வும் அதற்கு ஒன்றுதான். ஆனாலும் வாசித்தது. தங்கை ஊரில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போய்த் தட்டச்சுக் கற்றுக்கொண்டு மின்னஞ்சல் அனுப்பினாள். மனைவி காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். எந்த விசையை அழுத்தினால் நிற்கும், எதை அழுத்தினால் திரும்பச் சொல்லும் என்று விரலால் தடவிப் பழகியிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போய்விட்டு வந்த கையோடு உட்கார்ந்தவள் திடீரென்று சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள்.

"என்ன எழுதியிருக்கா?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. உங்களுக்குச் சொன்னா வெளங்காது."

அந்த மூன்று மாதம் எனக்கு அது போதுமாக இருந்தது.

சொன்ன நாளில் குரல் நின்றுபோயிற்று. அவள் அஞ்சலின் நடுவில் இருந்தாள். ஹெட்போனைக் கழற்றி, "ஏங்க, பேச மாட்டேங்குது" என்று கூப்பிட்டாள். இந்தச் சோதனைப் பதிப்பின் காலம் முடிந்தது என்று திரையில் ஆங்கிலத்தில் ஒரு கட்டம் நின்றது. கணினியின் தேதியை ஒரு மாதம் பின்னுக்குத் தள்ளினேன். பேசியது. தினமும் காலையில் அலுவலகம் போகும் முன் தேதியை மாற்றி வைத்துவிட்டுப் போவேன். சில வாரங்களில் அந்தத் தந்திரத்தையும் அது கண்டுகொண்டது. எத்தனை முறை மாற்றியும், அழித்து மறுபடி நிறுவியும் வாய் திறக்கவில்லை.

அவர்களுக்கு எழுதினேன். பணம் தீர்ந்துவிட்டதாம், வேலையை நிறுத்திவிட்டோம், சோதித்ததற்கு நன்றி என்று பதில் வந்தது. கெஞ்சி இன்னும் இரண்டு முறை எழுதினேன். பதிலே வரவில்லை.

இனி நான்தான் வாசிக்க வேண்டும் என்று தங்கைக்குத் தெரிந்துபோயிற்று. அவள் அஞ்சல்கள் சுருங்கின. இங்கே எல்லாரும் சுகம், அங்கே சுகமா, மழை இல்லை. அவ்வளவுதான். நான் வாசித்து முடித்ததும் மனைவி, "சரி" என்பாள்.

எனக்குத் தோல்வியை ஒப்புக்கொள்ளத் தெரியவில்லை. வீட்டு டெலிபோனில் ஊருக்குப் பேசினால் தொலைதூரக் கட்டணம் எகிறும்; மொபைல் கட்டணமோ அப்போது இறங்கிக்கொண்டிருந்தது. வாசிக்க முடியாவிட்டால் என்ன, பேசட்டுமே என்று அவளுக்கென்று ஒரு போன் வாங்கினேன். எங்கள் குடியிருப்பில் சிக்னல் மகா மோசம். போனைக் கையில் பிடித்துக்கொண்டு அறை அறையாக நடந்து அளந்தேன். படுக்கையறையில் ஒன்றுமில்லை. சமையலறை ஜன்னலில் ஒரு கோடு. வாசலைத் தாண்டிப் படிக்கட்டின் மேல் முனையில் நாலு கோடு. பெருமையாக அவள் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் நிறுத்தினேன்.

"இங்க நின்னு பேசு. தெளிவாக் கேக்கும்."

"எதுத்த வீட்டு அம்மா கேப்பாங்களே."

"அவங்களுக்குத் தமிழ் தெரியாது."

"அழுதா எல்லாருக்கும் தெரியுமே" என்றாள். நான் அதைக் காதில் வாங்கவில்லை. அடுத்த ஆண்டு நெட்வொர்க் நன்றாகிவிடும், புதுக் கோபுரம் வருகிறது என்றேன்.

ஒருநாள் மதியம் அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில் இணையத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு யாரோ தமிழ்க் குரல் ஒன்றைச் செய்யத் தொடங்கியிருந்தார்கள். சோதனைப் பதிப்பு விரைவில் என்று ஒற்றை வரி. வீட்டில் டெலிபோன் பழுதாகிக் கிடந்தது. சாயங்காலம் வரை பொறுத்திருக்கலாம். பொறுக்காமல் அவளுடைய மொபைலுக்கு அடித்தேன்.

"ஹலோ... கேக்கலியே" என்றாள்.

"புதுசா ஒண்ணு வருது, தமிழ் வாசிக்கும்."

"என்னது? விட்டு விட்டுக் கேக்குது."

"வெளிய வா. படிக்கட்டுக்கு வா" என்றேன்.

கதவுத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. "இப்ப சொல்லுங்க" என்றாள், மிகத் தெளிவாக. நான் சொல்ல ஆரம்பித்தேன். ஏதோ உருண்டது. எதிர்வீட்டு அம்மாள் இந்தியில் கூவியதும் எனக்குக் கேட்டது.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. அவள் முன்பு வேலை பார்த்த மருத்துவமனையிலேயே அறுவை செய்தார்கள். பழைய தோழிகள் ஒவ்வொருவரையும் குரலை வைத்தே அடையாளம் சொன்னாள். என்னிடம் மட்டும் அதிகம் பேசவில்லை. மூன்றாம் நாள் நானே கேட்டேன்.

"என் மேல கோபமா?"

"கோபமெல்லாம் இல்ல. அன்னைக்கு என்ன சொல்ல வந்தீங்க?"

சொன்னேன்.

"இதுக்கா?" என்றாள்.

வீடு திரும்பிய பின் வாக்கர் இல்லாமல் அவளால் நடக்க முடியவில்லை. படிக்கட்டு இறங்க இரண்டு பேர் தாங்க வேண்டும். அதனால் கோயிலுக்குப் போவதும் பண்டிகைகளோடு சரி. கீழ் வீட்டுக்கு மாற்றக் கேட்டு விண்ணப்பம் கொடுத்தேன். பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். பரிசீலனையிலேயே இருந்தது.

இரண்டாயிரத்தின் முதல் பத்தாண்டு முடிகிற சமயம் இலவசமாகவே ஒரு தமிழ்க் குரல் வந்தது. காலக்கெடு கிடையாது, யாரும் நிறுத்தவும் முடியாது. ஒரு சனிக்கிழமை அதை நிறுவி, அவள் நாற்காலியைக் கணினி அருகே இழுத்துப் போட்டு, ஹெட்போனைக் கையில் கொடுத்தேன். மாட்டிக்கொண்டாள். செய்தித்தளம் ஒன்றில் இரண்டு வரி கேட்டாள்.

"நல்லாத்தான் வாசிக்குது" என்றாள். பிறகு, "இதுல நான் வாசிக்கதுக்கு இப்ப என்ன இருக்கு?"

"தங்கச்சிய எழுதச் சொல்லுவோம்."

"அவ எழுத்த விட்டே நாளாச்சுங்க. இப்ப போன்ல ரெண்டு வார்த்த, அதோட சரி. அவளுக்கும் சொல்லுததுக்கு ஒண்ணுமில்ல, எனக்கும் கேக்கதுக்கு ஒண்ணுமில்ல."

ஹெட்போனைக் கழற்றி மேசையைத் தடவி வைத்துவிட்டு, வாக்கரை எடுத்துத் தரச் சொன்னாள். எடுத்துக் கொடுத்தேன். அவள் படுக்கையறைக்குப் போனாள். திரும்பிப் பார்த்தபோது, புதிய பதிப்பு வந்திருக்கிறது, இப்போது நிறுவலாமா என்று திரை கேட்டுக்கொண்டிருந்தது. நிறுவினேன். அவளிடம் சொல்லவில்லை.