கோழிக் கடைக்கு மேலே விமானம்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. சிலது மறந்தும் போகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

சோமனூரிலிருந்து கோயம்புத்தூர் போகிற பஸ், விமான நிலையத்துக்குக் கொஞ்சம் முன்னால் பஞ்சராகி நிற்கிறது. ஒரு கோழிக் கடை நிழலில் ஒதுங்குகிறேன். பின்னால் காலி இடத்தில் குடலும் இறகும் குவிந்து கிடக்கின்றன. மேலே பருந்துகள் வட்டமிடுகின்றன. ஒரு விமானம் அவற்றை ஒட்டித் தாழ இறங்குகிறது.

விமான நிலைய அட்டை மாட்டிய ஒருவர் கடைக்காரம்மாவிடம் பேசிக்கொண்டிருக்கிறார். பருந்து எஞ்சினுக்குள் போனால் விமானத்துக்கே ஆபத்தாம்.

"கடைய மூடச் சொல்லீருவீங்களா?" கத்தியைக் கீழே வைக்காமலே அந்தம்மா கேட்கிறார்.

"இல்லீங்க. கழிவைக் குழி தோண்டிப் போட்டு மூடுங்க, போதும்."

"பேரை எழுதிப் போலீசுல குடுத்துட்டா?"

"பேரே கேக்கலீங்களே. பேரை எழுதுனா அடுத்த தடவை யாரும் வாயத் தொறக்க மாட்டாங்க. எடம் தெரிஞ்சாப் போதுமுங்க, பைலட்டுக்குச் சொல்லி வெப்போம்."

அந்தம்மா என் பக்கம் திரும்புகிறார். "ஏனுங்க, இவரை நம்பலாமுங்களா?"

எனக்குக் கூச்சம். "பேனாவே எடுக்கலியேங்க" என்கிறேன்.

சிரித்துவிடுகிறார். பிறகு கத்தியை வைத்துவிட்டுக் கை நீட்டுகிறார். "அப்ப அந்தப் பாலத்துக்கடியிலயும் பாருங்க. சனிக்கெழமை பனியன் கம்பெனிச் சம்பளம், ஞாயித்துக்கெழமை எல்லா ஊட்டுலயும் கறி. அத்தனை கடைக் கழிவும் அங்கதானுங்க போவுது. இது ஒண்ணுமேயில்ல."

அட்டை மாட்டியவர் பாலத்தைப் பார்த்து நடக்கிறார். அங்கே வானம் பறவைகளால் கறுப்பாக இருக்கிறது.

சுற்றியது பருந்தா கழுகா, பஸ் நின்றது எந்த ஊர் என்று தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்திவிடுங்கள்.